பயந்த கைக்கு ஏற்ற மருந்து

எங்கள் டாக்டருக்குப் பூனை என்றால் பயம். மிருக வைத்தியம் படித்தவர், ஒரு நாளைக்கு ஐந்தாறு பூனைகளையாவது தொட்டே ஆக வேண்டிய வேலை. அப்படியிருந்தும் பூனைக் கூடையோடு யாராவது உள்ளே வந்தால் முதலில் மீசையைத் தடவுவார். அடுத்து என்னைப் பார்ப்பார். நான் பெரிய துண்டை எடுத்து வந்து பூனையைச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். ஊசி போட்டு முடித்ததும், "நல்ல புள்ள, ரொம்ப சாது" என்று பூனைக்காரரிடம் சொல்வார். சொல்லும்போது ஓரடி தள்ளித்தான் நிற்பார்.

ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். மீசை இரண்டு பக்கமும் மேலே ஏறியிருக்கும். புதிதாக வருபவர்கள் அவரைப் போலீஸ்காரர் என்றே நினைப்பார்கள். ஆனால் அவருக்கு லிஃப்டில் ஏறப் பயம், இடி பயம், சிங்கப்பூர்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பயம். எதையும் மறைக்க மாட்டார். மற்றவர்கள் தங்கள் ஊரைச் சொல்வதுபோல அவர் தன் பயத்தைச் சொல்வார்.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாசாய் ஊரில், ஒரு கடை வரிசையில் கீழே கிளினிக், மேலே சாமான் அறை. நான் அங்கே வேலைக்குப் போகும்போது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை தொழிற்சாலையில் இயந்திரத்தோடுதான் வேலை. இயந்திரம் பதில் கேட்காது என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. கவுண்டரில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேச வேண்டும் என்று நினைத்தாலே எழுந்து ஓடத் தோன்றும். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நாயைக் கண்டால் பயமா என்பது. நாயைவிட நாயைக் கொண்டு வருகிறவர்களைக் கண்டால்தான் பயம் என்று சொல்லிவிட்டு, வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப நாளைக்கே வந்துருங்க அக்கா" என்றார். நான் அவரைவிட மூன்று வயதுதான் மூத்தவள்.

கிளினிக்கில் இன்னொரு டாக்டரும் இருந்தார். சீனப் பெண், எங்கள் டாக்டரைவிடப் பத்து வயது இளையவர். அவரைச் சின்ன டாக்டர் என்று சொல்வோம். அவருக்கு எதிலும் பயம் கிடையாது. கடிக்க வரும் நாயின் காலைப் பிடித்து, பேசிக்கொண்டே நரம்பில் ஊசியை ஏற்றிவிடுவார். எங்கள் டாக்டர் அதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு பேரும் மலாயும் ஆங்கிலமும் கலந்து சண்டை போடுவார்கள். பெரும்பாலும் மருந்து அலமாரியைப் பற்றித்தான் சண்டை.

முக்கியமாக வலிப்பு மருந்து. நாய்க்கு வலிப்பு வந்து நிற்காமல் போனால் உடனே மருந்து போட வேண்டும். எந்த மருந்தை எப்போதும் கையிருப்பில் வைப்பது என்பதுதான் கேள்வி. சின்ன டாக்டருக்கு அது ஒரு கேள்வியே இல்லை. எல்லோரும் வைத்திருக்கும் டயசெபாம் போதும், நரம்பில் ஏற்றினால் நிற்கும், அவ்வளவுதான் என்பார்.

"உனக்கு நரம்பு கெடைக்கும். எனக்குக் கெடைக்குமா?" என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். துள்ளுகிற காலில், வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று அழும்போது, தன் கையும் சேர்ந்து துள்ளும் என்றார். நல்ல டாக்டர் நல்ல நாளில் எதைச் செய்வார் என்று பார்த்து மருந்து வாங்கக் கூடாது, பயந்த ஆள் மோசமான நாளில் எதைச் செய்ய முடியும் என்று பார்த்து வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அதற்கு அவர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். அலமாரிக்கு வர விரும்பும் எந்த மருந்தும் அந்தப் பரீட்சையில் தேற வேண்டும். மாடிப் படியில் மூன்று முறை வேகமாக ஏறி இறங்க வேண்டும். இறங்கிய மூச்சோடு, கையில் தடித்த ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து, மருந்தைச் சிரிஞ்சில் இழுத்து, பொம்மை நாய்க்குப் போட வேண்டும். பொம்மை நாயைப் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கினார். பஞ்சு நாய், நாக்கு ஒரு பக்கம் தொங்கும். பரீட்சைக்கு மருந்து கிடையாது, குப்பியில் தண்ணீர்தான். அவர் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்று நேரம் பார்ப்பார்.

முதல் தடவை நான் குப்பியை உடைத்தபோது பாதித் தண்ணீர் என் பாவாடையில் கொட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சின்ன டாக்டரிடம் ஓடினார். என் கை நடுங்கியது அவர் பக்கத்துக்கு ஒரு சாட்சி. வாழ்க்கையில் என் நடுக்கத்தால் ஒருவர் ஜெயித்தது அன்றுதான்.

மருந்து விற்க வந்த ஒருவரையும் அவர் விடவில்லை. கழுத்துப் பட்டையும் பளபளப்பான காலணியுமாக வந்த மனிதர், எங்கள் மருந்தைப் பயன்படுத்துவது மிகவும் சுலபம் என்று ஆரம்பித்தார். டாக்டர் மரியாதையாகப் படியைக் காட்டினார். அவர் மூன்றாவது முறை இறங்கும்போது பட்டை முதுகுப் பக்கம் போயிருந்தது. குப்பி உடையவே இல்லை. காத்திருந்த சனங்கள் கை தட்டினார்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகும் வந்தார், ஆனால் காலணியை மாற்றிக்கொண்டு வந்தார்.

காத்திருப்பவர்கள் எல்லோரும் சிரிக்கவில்லை. புதன்கிழமை பதினொரு மணிக்கு எங்களுக்குப் பயிற்சி. டாக்டர் திடீரென்று அறையிலிருந்து, "வலிப்பு, வலிப்பு" என்று கத்திக்கொண்டு பஞ்சு நாயைத் தூக்கியபடி ஓடி வருவார். ஒருமுறை முயலோடு உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுப் பிள்ளையோ என்று எழுந்து நின்று கண்ணைத் துடைத்தார். பொம்மை என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் இப்படி ஒத்திகை பார்த்தால் என் முயல் பத்திரம்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இப்படிப் பல மாதம் சண்டை போட்டு அலமாரி ஒரு முடிவுக்கு வந்தது. டயசெபாம் இருந்தது, சின்ன டாக்டரின் கைக்கு. பக்கத்தில் மிடசோலம் இருந்தது, எங்கள் டாக்டரின் கைக்கு. அதை நரம்பு கிடைக்காவிட்டால் சதையில் போடலாம், மூக்கில் தெளித்தும் நிறுத்தலாம். இவை இரண்டுக்கும் அடங்காத வலிப்புக்கு லெவடிராசிடம் என்ற மருந்து அடுத்த வரிசையில். எல்லாவற்றுக்கும் கடைசியில் மயக்க மருந்து. அதைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டியிருந்தார். மூச்சுக் குழாயும் ஆக்சிஜனும் தயாராக இல்லாமல் அந்த நாடாவைப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம். "இத நெனச்சாலே எனக்கு வேர்க்குது" என்று சொல்லிக்கொண்டேதான் அதை அடுக்கினார்.

அளவு அட்டவணையும் அவர் மூளையில் உதித்ததுதான். பதறும்போது கணக்கு வராது என்பதால், எந்த எடைக்கு எவ்வளவு என்று முன்பே கணக்குப் போட்டு, பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டினார். ஆனால் துடிக்கிற நாயைத் தராசில் வைப்பது எப்படி? கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். நான் சரியாகச் சொல்வேன், டாக்டர் தப்பாகச் சொல்வார். எப்படி என்று கேட்டார். அரிசி தூக்கிப் பழக்கம் என்றேன். மறுநாள் அட்டவணையில் எண்களுக்குப் பக்கத்தில் அரிசிப் பொட்டலங்கள் வரைந்திருந்தார். ஐந்து கிலோ பொட்டலம் ஒன்று, பத்துக் கிலோ ஒன்று, பத்தும் ஐந்தும் சேர்ந்து ஒன்று. சின்ன டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும், "இது ஒரு பத்துக் கிலோ பொட்டலம்" என்று பேச ஆரம்பித்தார்.

பயத்தால் அவர் ஒரு பெரிய தப்பும் செய்தார். வலிப்பு மருந்துகள் பூட்டில் இருக்க வேண்டியவை. சாவி தொலைந்துவிடுமோ, யாராவது எடுத்துவிடுவார்களோ என்று தினமும் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலை, சடை நாய் ஒன்றை நிஜமாகவே வலிப்போடு கொண்டு வந்துவிட்டார்கள். சின்ன டாக்டர் அன்று விடுமுறை. நான் குப்பி உடைக்கத் தயார், சிரிஞ்சு தயார், அரிசி அட்டவணை தயார். சாவியை எங்கே வைத்தோம் என்று டாக்டருக்கு ஞாபகம் வரவில்லை. சட்டைப் பை, மேசை, சாமிப் படத்துக்குப் பின்னால், எல்லா இடமும் கவிழ்த்தோம். நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு தானாக நின்றுவிட்டது. நாங்கள்தான் நிறுத்தினோம் என்று நினைத்து நாயின் சொந்தக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று நாள் கழித்துச் சாவி கிடைத்தது. தங்க வைத்திருந்த ஒரு பூனைக்குச் சாப்பாடு போட, பூனை பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அதற்குள் கிடந்தது. அவர் அந்த டின் பக்கமே போக மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அவரும் தேடவில்லை. அன்றிலிருந்து ஒரு சாவி அவர் கழுத்துக் கயிற்றில், இன்னொன்று சின்ன டாக்டரின் கயிற்றில். புதன்கிழமைப் பயிற்சியும் அதன் பிறகு பூட்டிலிருந்துதான் ஆரம்பித்தது.

அவரை நினைக்கும்போது இதெல்லாம் சிரிப்பாகத்தான் வரும். ஆனால் டைகருக்கு வந்த சோதனையைச் சொன்னால்தான் அந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்று புரியும்.

டைகர் ஒரு சாதாரண நாட்டு நாய், பத்தும் ஐந்தும் சேர்ந்த எடை. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அங்கிளின் நாய். மனைவி இல்லை. மகள் விடியும் முன்பே பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகுதான் திரும்புவார். பகல் முழுக்க அங்கிளும் நாயும்தான் வீட்டில். அங்கிளுக்குக் கை நடுங்கும் நோய் வந்திருந்தது. டைகருக்கு வலிப்பு நோய். தினமும் மாத்திரை கொடுத்தும் மாதத்தில் ஒன்றிரண்டு முறை வந்துவிடும். வந்தால் சுலபத்தில் நிற்காது. கடைசியாக வந்தபோது நாயைப் பிடிக்கப் போய் அங்கிள் கீழே விழுந்து நெற்றியில் தையல்.

மகள் ஒரு சனிக்கிழமை தனியாக வந்தார். டைகரை வலி தெரியாமல் முடித்துவிடுங்கள் என்று கேட்டார். அவர் கல் நெஞ்சுக்காரி இல்லை. பாலத்தில் பஸ்ஸுக்குள் நிற்கும்போது போன் வந்தால் இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது, அப்பா ஒரு நாள் தரையில் கிடப்பார் என்றார். டாக்டர் ஒரு மாதம் தவணை கேட்டார். அந்த மாதத்துக்குள் வலிப்பு வந்து, அங்கிள் தானே அதை நிறுத்திக் காட்டினால் டைகர் இருக்கட்டும், முடியாவிட்டால் நீங்கள் சொன்னபடி செய்கிறேன் என்றார். மகள் தலையாட்டினார்.

அங்கிளைக் கூப்பிட்டார்கள். முதலில் டயசெபாமைக் காட்டினார் டாக்டர். அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் மருந்து, சிரிஞ்சில் இழுத்து வீட்டில் வைக்க முடியாது, அந்த நேரத்தில்தான் குப்பியை உடைக்க வேண்டும். வீட்டில் கொடுப்பதென்றால் பின்பக்கமாகக் குழாய் வைத்து ஏற்ற வேண்டும். பஞ்சு நாயின் வாலைத் தூக்கி விளக்கினார். அங்கிள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இது வேணாம். டைகருக்கும் எனக்கும் ஒரு மரியாத இருக்குது."

சின்ன டாக்டர் திரும்பி நின்று சிரித்தார். எங்கள் டாக்டர் சிரிக்கவில்லை. வெட்கமும் ஒரு பயம்தான் என்று சொல்லி அந்தக் குழாயை ஓரமாக வைத்துவிட்டார். வெட்கப்பட்டு ஒரு நிமிடம் தயங்கினால் அந்த மருந்து வேலைக்கு ஆகாது.

மிடசோலம்தான் மிச்சம். அதைச் சிரிஞ்சில் இழுத்தே கொடுத்துவிடலாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழையதைத் திருப்பிக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். நுனியில் ஊசிக்குப் பதிலாகத் தெளிக்கும் குமிழ். மூக்கில் வைத்து ஒரே அழுத்து. சின்ன டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. பூட்டி வைக்க வேண்டிய மருந்தைக் கை நடுங்கும் வயதானவரிடம் கொடுப்பதா, அளவு கூடிப் போய்விட்டால் நாய்க்கு மூச்சு அடங்காதா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அதற்காக டாக்டர் ஒரே ஒரு வேளை அளவுதான் கொடுப்பதாகவும், பதிவேட்டில் அங்கிளும் மகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார்.

பயிற்சி இரண்டு வாரம் நடந்தது. அங்கிளை மாடிப் படி ஏறச் சொல்லவில்லை, அவர் கை ஏற்கெனவே அந்தப் பரீட்சையைத் தினமும் எழுதிக்கொண்டிருந்தது. முழங்கையைத் தரையில் ஊன்றினால் நடுக்கம் குறைகிறது என்பதை டாக்டரே தரையில் படுத்துக் கண்டுபிடித்தார். இரண்டு பேரும் கிளினிக் தரையில் பஞ்சு நாய்க்கு இரண்டு பக்கமும் படுத்துக் கிடப்பார்கள், வருகிறவர்கள் தாண்டிப் போவார்கள். அங்கிளின் கட்டை விரல் வழுக்குகிறது என்பதைப் பார்த்துச் சின்ன டாக்டர் உள்ளே போய், தண்ணீர்ப் போத்தலின் மூடி ஒன்றைச் சிரிஞ்சின் பிடியில் ஒட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு விரல் வழுக்கவில்லை.

தவணை முடிய ஐந்து நாள் இருந்தது. காலை பத்து மணி, நல்ல மழை. போன் அடித்தது. நான் எடுத்தேன். "டைகர்" என்றது அங்கிளின் குரல். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. பின்னால் நகங்கள் தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது.

டாக்டரைக் கூப்பிட்டேன். கையில் துண்டோடு வந்தார். போனின் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு, நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"அங்கிள், சிரிஞ்சு கையில இருக்கா?"

"இருக்கு. கை நிக்க மாட்டுது டாக்டர். ரொம்ப ஆடுது. எனக்குப் பயமா இருக்கு."

அந்த இடத்தில் எந்த டாக்டரும் பயப்படாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பார். பக்கத்தில் வந்து நின்ற சின்ன டாக்டரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"எனக்கும் பயமாதான் இருக்கு அங்கிள்" என்றார் டாக்டர். "என் காலு ஆடுது, அக்காகிட்ட வேணும்னா கேளுங்க. ரெண்டு பேரும் பயந்துகிட்டே செய்வோம். படுங்க. முழங்கைய ஊனுங்க."

துணி உரசும் சத்தம். அங்கிள் முனகினார்.

"வாய்ப் பக்கம் கை போக வேணாம். மூக்கு தெரியுதா?"

"தெரியுது."

"குமிழ வையுங்க. ஆடுனா ஆடட்டும், மூக்கும் சேந்துதான ஆடுது. மூடி மேல விரல் இருக்கா? இப்ப அமுக்குங்க."

மழைச் சத்தம் எங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா என்று பிரிக்க முடியவில்லை. நகங்கள் இன்னும் தரையில் அடித்துக்கொண்டிருந்தன. காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கவுண்டர் பக்கம் வந்துவிட்டார்கள். நான் அரை நிமிடம் என்று விரலால் காட்டினேன். டாக்டர் கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு நிமிடம் காட்டினேன். நகச் சத்தம் இடைவெளி விட்டு வர ஆரம்பித்தது. பிறகு ஒன்று. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகு வரவில்லை.

"நின்னுருச்சு" என்றார் அங்கிள்.

யாரும் கை தட்டவில்லை. டாக்டர் வயிறு ஏறி இறங்குகிறதா என்று கேட்டார். ஏறி இறங்குகிறது என்றார் அங்கிள். நாக்கின் நிறம் கேட்டார். எப்போதும் போலத்தான் இருக்கிறது என்றார். சின்ன டாக்டர் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு, கார் சாவியோடு வாசலில் நின்றார். இருவரும் உடனே வந்து டைகரைப் பார்க்கிறோம், அதுவரை பக்கத்திலேயே இருங்கள் என்று டாக்டர் சொன்னார். மகளுக்குத் தானே போன் செய்து சொல்வதாகவும் சொன்னார். சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தது.

"வேணாம் டாக்டர், மகளுக்கு நானே சொல்றேன். நான் செஞ்சேன்னு நான்தான் சொல்லணும்" என்றார் அங்கிள். கொஞ்சம் நிறுத்தி, "நீங்க மொதல்ல உக்காந்து தண்ணி குடிங்க. டைகர் மூச்சு நல்லாதான் இருக்கு. உங்க மூச்சுதான் இங்க வரைக்கும் கேக்குது" என்றார்.

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன்.